வயிற்றுக்கு இடங்கொடுக்கும் காற்சட்டை



திருகோணமலையிலிருந்து கடலோரமாக வடக்கே செல்லும் வீதியில், குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையே உள்ள பழம்பதி திரியாய். வயலையும் குளத்தையும் நம்பி வாழும் ஊர் அது. 1985 ஆம் ஆண்டின் வன்செயலில் வீடுகள் எரியுண்டு, மக்கள் ஊரைவிட்டு அகல நேர்ந்தது. பல ஆண்டுகள் சென்ற பின்னரே குடும்பங்கள் மீண்டுவந்து வளவுகளைத் துப்புரவாக்கிக் குடியமர்ந்தன. போர் ஓய்ந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரங்கள் பல வீடுகளுக்குக் கிடைத்தன. அத்தகைய ஊரொன்றில், அத்தகைய இயந்திரமொன்றின் முன்னே அமர்ந்திருக்கும் சகோதரி ஒருத்தியை மனத்திற்கொண்டே இன்று பேசுகின்றேன். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு வேண்டியது ஒரு காற்சட்டை.

காற்சட்டையா என்று மூத்தோர் வியக்கலாம். இக்காலத்துப் பெண்மக்கள் பஞ்சாபி உடையணிந்து வெளியே செல்கின்றனர், வயலுக்குப் போகின்றனர், தொழிலுக்குப் போகின்றனர். மாரிகாலத்து மாலையில் கால்களை மூடிய உடை நுளம்புக்கும் ஒரு காவல். டெங்குக் காய்ச்சல் கர்ப்பிணிகளுக்கு மிகுந்த ஆபத்தை விளைவிக்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஐந்தாம் மாதம் பிறந்ததும் பழைய காற்சட்டையின் நாடா முடிச்சுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் வயிற்றை இறுக்குகின்றது. நகரத்துக்குப் பேருந்தேறிச் சென்று, சில மாதங்களே அணியக்கூடிய உடைக்குப் பணங்கொடுக்கப் பலருக்கு வசதியில்லை. “உடுக்க நல்லதாக ஒன்றுமில்லை” என்று வீட்டுக்குள்ளே இருந்துவிட்டால், தவறிப்போவது ஊர்ப் பயணம் மாத்திரமன்று. சில வேளைகளில் கிளினிக் நாளும் தவறிப்போகும்.

இக்குறை நமக்கு மாத்திரம் உரியதன்று. 1904 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் நகரிலே லீனா பிரயன்ற் என்னும் தையற்கார விதவையிடம் கர்ப்பிணி ஒருத்தி வந்து, வெளியே அணிந்து செல்லத்தக்க உடையொன்று தைத்துத் தருமாறு கேட்டாள். அவர் மடிப்புப் பாவாடையொன்றில் இழுபடும் இடைப்பட்டியைப் பொருத்திக் கொடுத்தார். கர்ப்பிணிகள் வெளியே நடமாடுவதையே நாணத்துக்குரியதாகக் கருதிய காலம் அது. 1911 ஆம் ஆண்டுவரை அவ்வுடைக்கு விளம்பரம் போடவும் பத்திரிகைகள் இணங்கவில்லை. பின்னர் 1938 இல், டலஸ் நகரத்து பிராங்ஃபர்ட் சகோதரிகள், பாவாடையின் முன்புறத்தில் வயிறு வரும் இடத்தைச் சாளரம்போல் வெட்டி நீக்கி ஒரு புதுமை செய்தனர். வயிறு வளரும்போது துணி முன்னே இழுபட்டுக் கீழ்விளிம்பு உயர்ந்துவிடும் என்பதைக் கண்டு, அந்த இழுப்பையே இல்லாமற் செய்தார்கள். இன்று நாம் தைக்கப்போகும் காற்சட்டைக்கும் அடிப்படை இதுவே: வயிற்றின்மேல் கனத்த துணி இருத்தலாகாது, இழுபட்டு இடங்கொடுக்கும் துணியே இருத்தல் வேண்டும்.

முதலில் உடலின் போக்கை அறிந்துகொள்வோம். பன்னிரண்டாம் வாரமளவிலே கருப்பை இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலே தட்டுப்படும். இருபதாம் வார அளவில் கொப்பூழ் மட்டத்துக்கு வரும். முப்பத்தாறாம் வாரத்தில் விலா எலும்புகளை அணுகும். ஆகவே ஐந்தாம் மாதத்து அளவுக்குப் பொருந்தத் தைத்தது எட்டாம் மாதத்திற் பயன்படாது. வளர்ச்சிக்கு இடம்விட்டே வெட்டுதல் வேண்டும்.

புதுத்துணி வாங்கவேண்டுமென்பதில்லை. நாடா கட்டும் பழைய பருத்திக் காற்சட்டையொன்றும், வீட்டிலுள்ள ஆடவரின் பழைய ரீ-சேட் ஒன்றும் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைப் பக்கத்து வெப்பத்துக்குப் பருத்தியே சுகம். புதுத்துணியாயின் வெட்டுமுன் நனைத்து உலர்த்துங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும்.

பிட்டத்திலும் தொடையிலும் தளர்வாயுள்ள காற்சட்டையையே தெரிந்தெடுங்கள். இடையை நாம் மாற்றலாம். தொடையை மாற்றுவது கடினம். அதனை அணிந்து கண்ணாடிமுன் நின்று, வயிற்றின் அடிவாரத்தை ஒட்டி ஒரு கோடு வரையுங்கள். பக்கத் தையல்களிலே இடை மட்டத்திற் றொடங்கும் அக்கோடு, முன் நடுவிலே மூன்று நான்கு அங்குலம் கீழிறங்கிப் பிறைபோல் வளைதல் வேண்டும். பின்புறத்தைத் தாழ்த்தாதீர்கள், தாழ்த்தினாற் குனியும்போது முதுகு வெளித்தெரியும். நாடா செல்லும் மடிப்பை மாத்திரம் அங்கே நீக்குங்கள். முன்புறம் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே, தையலுக்கு இடம்விட்டு வெட்டுங்கள்.

இனி ரீ-சேட். அதன் உடற்பகுதி ஏற்கெனவே குழாய் வடிவானது. அதன் துணியிற் பத்து அங்குலத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். பதினைந்து அங்குலம் வரை இழுபட்டு, விட்டவுடன் பழைய அளவுக்கு மீளுமாயின் அது தகுந்த துணி. இழுபட்டபடி தொய்ந்து நிற்குமாயின் விட்டுவிடுங்கள். இழுபடும் திசை உடலைச் சுற்றி வருதல் வேண்டும். கைகளுக்குக் கீழே, பத்தொன்பது அங்குல உயரத்துக்குக் குழாயை வெட்டியெடுங்கள். அவ்வளவு நீளம் கிடையாவிடின் இரண்டு ரீ-சேட்டுகளை இணைக்கலாம். காற்சட்டையின் வெட்டுவிளிம்பைச் சுற்றியளந்து, அதில் ஒவ்வொரு பத்து அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலமாகக் குழாயின் சுற்றளவைப் பக்கத்திற் பிடித்துக் குறையுங்கள். பின்பு அதை இரண்டாக மடித்தால், ஒன்பது அங்குல உயரமுள்ள இரட்டைப் பட்டி கிடைக்கும். மடிந்த விளிம்பு மேலே வரும். அங்கே இலாஸ்ரிக் வேண்டியதில்லை.

பட்டியையும் காற்சட்டை விளிம்பையும் நந்நான்கு சமபாகமாகக் குறித்து, குறியோடு குறி சேர்த்து ஊசி குத்துங்கள். தைக்கும்போது பட்டியை மாத்திரம் இலேசாக இழுங்கள். காற்சட்டைத் துணியை இழுத்தால் நெளியும். சிக்சாக் தையல் போடும் இயந்திரமாயின் அதுவே நன்று. நேர்த்தையல் மாத்திரம் போடும் பழைய இயந்திரமாயின், பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டே சிறுதையலாக இரண்டு வரி போடுங்கள். முனை மழுங்கிய ஊசி பெனியன் துணியின் இழையை அறுக்காது. இயந்திரமே இல்லாதவர்கள் கையாற் பின்தையல் போடலாம், அதுவும் இழுபடும்.

தைத்து முடித்ததும் வேலை முடிந்ததென எண்ணாதீர்கள். பொருத்திப் பார்ப்பதே முக்கியமான கட்டம். நின்று பார்த்தல் போதாது. நாற்காலியில் அமர்ந்து பாருங்கள், குந்தியிருந்து எழுங்கள், படியொன்றில் ஏறுங்கள், இடப்புறமாகச் சரிந்து படுங்கள். கவட்டுப் பகுதி இழுத்தால் அங்கே துணி போதாது. உட்காற் றையலைப் பிரித்து, நாற்புறமும் சாய்சதுரமான துண்டொன்று வைத்துத் தையுங்கள். பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையே கை எளிதாக நுழைதல் வேண்டும். அரைநாள் அணிந்தபின் கழற்றிப் பாருங்கள். தோலிலே சிவந்த வளையம் தெரிந்தால் பட்டி இறுகியுள்ளது. பக்கத் தையலைப் பிரித்து அகலமாக்குங்கள்.

இறுக்கத்தை அற்பமாக எண்ணலாகாது. 2024 ஆம் ஆண்டிலே இந்திய மருத்துவர்கள் இரு மூதாட்டியரைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். பல்லாண்டு காலம் இடையில் இறுகக் கட்டிய கட்டு உராய்ந்து உராய்ந்து ஆறாப் புண்ணாகி, ஈற்றிலே தோற்புற்றுநோயாக மாறியிருந்தது. இது மிக அரிதே. சில மாதக் கட்டினால் அவ்வாறு நேருமென்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் நாடா தோலைப் புண்படுத்தினால் அதைப் பொறுத்துக்கொள்வது பெண்ணுக்கு இயல்பென்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அந்த எண்ணத்தையே நாம் கைவிடல் வேண்டும்.

இன்னுமொரு குறிப்பு. கணுக்காலில் இறுக்கமான பட்டி வைக்காதீர்கள்; கடைசி மாதங்களில் மாலைவேளையிற் பாதம் சற்றே வீங்குவது பலருக்கும் உண்டு. ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்கினால், அல்லது கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், அது உடையின் குற்றமன்று. தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

இக்காற்சட்டை எத்துணைக் காலம் உதவும்? முதல் மாதங்களிற் பட்டியை வயிற்றுக்குக் கீழே மடித்து விடலாம். வயிறு வளர வளர மேலே உயர்த்தலாம். குழந்தை பிறந்த பின்னரும் அது பயன்படும். அறுவைச் சிகிச்சை பெற்ற தாய்மாருக்கு, அடிவயிற்றுத் தழும்பின்மேல் நாடா உராயாமல், உயர்ந்த மென்பட்டி ஆறுதல் அளிக்கும். அதன் பின்னர் பட்டியைப் பிரித்தெடுத்து, சாதாரண இடைப்பட்டி வைத்து மீண்டும் உடுக்கலாம். அல்லது சலவைசெய்து, அடுத்து முறைவரும் தங்கைக்கோ அயல்வீட்டு மச்சாளுக்கோ கொடுக்கலாம்.

செலவு ஒரு நூற்கட்டை. உழைப்பு ஒரு பிற்பகல். கணவன்மாருக்கும் இதிலே ஒரு பங்குண்டு. தைக்கும் பிற்பகலில் அடுப்பங்கரையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ரீ-சேட்டையும் மனமுவந்து கொடுக்கட்டும். அடுத்த கிளினிக் நாளிலே உங்கள் வீட்டுக் கர்ப்பிணித் தாய், இடையைப் பிடித்துப் பிடித்துத் தளர்த்தாமல், இலகுவாக நடந்து போகட்டும்.