இளைஞர் கச்சேரியும் பழகிய பாட்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் இசையரங்கிற்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர் சிறுமியர் நிகழ்த்தவிருக்கும் இசையரங்கிற்கு முன்னர்ச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியனுக்கு இசையரங்கில் என்ன வேலை என்று எவரேனும் வினவலாம். அவ்வினாவுக்குப் பழைய சான்றும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் இளமையில் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சின்னாள் இசை பயின்றார். அவர்தம் தமிழாசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், இசையின்பத்திற் பழகிய மனம் இலக்கண இலக்கியங்களிற் செல்லாது என்று கருதினமையின், மாணாக்கர் அப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். இதனை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அன்று பிரிந்த இரண்டினையும் இன்று சிறிது பொழுது யாம் சேர்த்துவைக்க முயல்வது பிழையாயின் பொறுத்தருள்க.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தோம். பைரவியில் 'விரிபோணி' வர்ணம், அம்சத்துவனியில் 'வாதாபி கணபதிம்', ஆபோகியில் 'சபாபதிக்கு', கல்யாணியில் 'நிதி சால சுகமா' என இவ்வாறு செல்கின்றது. எம்மருகிருந்த அன்பர் ஒருவர், "எல்லாம் கேட்ட பாட்டுக்களே! புதியதாக ஒன்றும் இல்லையே!" என்று முணுமுணுத்தார். அம்முணுமுணுப்பே எமது உரைக்குப் பொருளாயிற்று. அவர்க்கு நம் நன்றி உரியது.

கேட்ட பாட்டு எளிய பாட்டு என்பது பெரும் பிழை. எவரும் அறியாத பாட்டில் இளைஞன் ஓரிடத்தில் வழுவினால் அதனை அறிவார் அவையில் ஓரிருவரே. பழகிய பாட்டிலோ கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியாரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பர். பச்சிமிரியம் ஆதியப்பையர் இயற்றிய அப்பைரவி வர்ணத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் சியாமா சாஸ்திரிகளின் ஆசிரியர். வர்ணமோ பதினான்கு எண்ணுடைய அட தாளத்தில் அமைந்தது. கச்சேரியின் முதலிலேயே குரலையும் தாளத்தையும் மறைப்பின்றிக் காட்டிவிடும். அதற்கு முன் ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் இல்லை.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. பழகிய பாட்டு ஒருவர் ஆக்கம் மட்டும் அன்று. அம்சத்துவனியை ஆக்கித் தந்தவர் இராமசாமி தீட்சிதர். மத்திமமும் தைவதமும் இன்றி ஐந்தே சுரங்களால் அமைந்த அவ்விராகத்தில் அவர் மைந்தர் முத்துசாமி தீட்சிதர் வாதாபியைப் பாடினார். அவர் மறைந்தது 1835ஆம் ஆண்டில். அதன் பின்னர்ப் பிறந்த மகா வைத்தியநாதையர் (1844-1893) சங்கதிகள் பல சேர்த்துப் பாடி அதனை ஊரெங்கும் பரப்பினார். ஆகவே இன்று நம் சிறுமி ஒருத்தி அதனைப் பாட வாய் திறக்குங்கால், தந்தை, மைந்தர், பின்வந்தோர் எனப் பலர் கைபட்ட ஒரு பொருள் அவள் கைக்கு வருகின்றது. அதனைச் சிந்தாமல் வாங்குவதே முதற் கடமை. தன்னதாக ஒன்றைச் சேர்ப்பது பின்னர்.

இக்காலத்து இளைஞர்க்குப் பழைய வித்துவான்களின் ஒலிப்பதிவுகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆசிரியர் வீட்டுத் திண்ணையிற் காத்துக் கிடந்தோர்க்குக் கிட்டாத பேறு இது. யாம் அதனைப் பழியோம். ஆனால் ஒரு வேடிக்கையைக் கண்டோம். முதுமையில் மூச்சுப் போதாமையால் வித்துவான் ஒருவர் ஒரு சொல்லின் இடையே நிறுத்தி மூச்சு வாங்கியிருக்கின்றார். அவர் பதிவைக் கேட்டுப் பயின்ற பதினைந்து வயதுப் பிள்ளையும் அதே இடத்தில் சொல்லை முறித்து மூச்சு வாங்குகின்றான்! அவனுக்கு மூச்சுக்கு என்ன குறை? ஒலியைக் கற்றான், சொல்லைக் கற்றிலன்.

சொல் என்றவுடன், இவர் தமிழ்ப் பாட்டே பாடவேண்டும் என்று வாதிடப் போகின்றார் என நீங்கள் எண்ணலாம். 1941ஆம் ஆண்டு அண்ணாமலைநகர் மாநாட்டிலும், 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய பொழுதும் அவ்வழக்குப் பெரியோர்களால் நன்கு வாதிக்கப்பட்டது. எம் உள்ளம் எப்பக்கம் என்பதை எம் தொழிலே கூறும். எனினும் தமிழ்ப் பாட்டுப் பாடும் நம் பிள்ளைகள் ழகரத்தை ளகரமாக்கிப் பாடுதலைக் கேட்கும்போது, மொழியை மாற்றிய அளவில் நோய் தீராது என்று தோன்றுகின்றது. 'சபாபதிக்கு' என்னும் கீர்த்தனம், திருவையாற்றில் தியாகராசரைக் காணச் சென்ற பாரதியார், அவர்தம் ஆபோகிப் பாட்டைக் கேட்டபின் அவ்விராகத்திலேயே இயற்றியது என்பது வழிவழிச் செய்தி. அவ்விருவரிடையே மொழி பகையாய் நிற்கவில்லை.

இனி யாம் சொல்ல வந்ததற்கு வருவோம். சென்ற ஆண்டு மார்கழியில் நம் சங்கத்துப் பிள்ளை ஒருவன் பாடிய பகற்கச்சேரிக்குச் சென்றிருந்தோம். வயது பதினாறு. நல்ல குரல். 'நிதி சால சுகமா' அவனது முதன்மைப் பாட்டு. மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிச் செல்லும் மிச்ரசாபில், சரணத்தில் ஓரடியை நிரவலுக்கு எடுத்தான். வேகம் ஏறிற்று. சுரங்கள் பொரிபோலத் தெறித்தன. அவை கையொலியால் அதிர்ந்தது. யாமும் தட்டினோம், மறைப்பானேன்? தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் பாதி அவை எழுந்து சிற்றுண்டிச் சாலை சென்றது. மிருதங்கம் வாசித்த பிள்ளைக்கும் வயது பதினேழே. வெற்று நாற்காலிகளுக்கு அவன் வாசித்த திறம் எம் கண்முன் இன்னும் நிற்கின்றது. இன்றாவது அத்தவறு நிகழாதிருக்கக் காப்பியைத் தனிக்கு முன்னரே வழங்கிவிடுமாறு செயலாளரை வேண்டிக்கொள்கின்றோம்.

கச்சேரி முடிந்தபின் அப்பிள்ளையிடம், "தம்பி, நீ நிரவல் செய்த அடியின் பொருள் யாது?" என்றோம். விழித்தான். "தெலுங்கு ஐயா" என்றான். "சுகமா என்னும் சொல்லின் ஈறு என்ன?" என்றோம். எம் வகுப்பில் நன்னூல் படித்தவன், "ஆகார ஈறு... வினாவா, ஐயா?" என்று மெல்லக் கேட்டான். ஆம், வினாவே. ஈற்றில் நின்று வினாவுணர்த்தும் எழுத்துக்களாக நாம் பயிலும் ஆகாரமும் ஓகாரமும் அத்தெலுங்குப் பாட்டிலும் வந்து வினவுகின்றன. செல்வம் மிகச் சுகமா, இறைவன் திருமுன் செய்யும் தொண்டு சுகமா? பாலும் வெண்ணெயும் சுவையோ, அவனைப் பாடும் பாட்டுச் சுவையோ? மனிதரைப் புகழ்தல் சுகமா, அவனைப் புகழ்தல் சுகமா? தஞ்சை மன்னர் அனுப்பிய பொருளை வேண்டா என்று தியாகராசர் (1767-1847) பாடியது என வழங்குவர். கைதட்டலுக்காக அவன் விரைந்து ஓட்டிய அடி அக்கடைசி வினாவே.

யாம் பொருள் கூறக் கூற அவன் முகம் மாறிற்று. பக்கத்தில் நின்ற அவன் தந்தையார் முகமும் மாறிற்று. அவர் எம்மைத் தனியே அழைத்து, அம்மேடையைப் பெறுவதற்குச் சபையார் ஒரு தொகை கேட்டனர் என்றும், தாம் கடன் வாங்கிக் கொடுத்ததாகவும் கூறினார். சபையின் பெயர் இங்கு வேண்டா. செல்வம் சுகமா என்று மகன் பாடுவதற்குத் தந்தை செல்வம் தேட வேண்டியதாயிற்று! ஏழு வயதில் மயிலாப்பூரில் 1933ஆம் ஆண்டு முதற்கச்சேரி செய்த புல்லாங்குழல் மாலியை நினைத்து, நம் பெற்றோர் பலர் தம் மக்களை விரைந்து மேடையேற்றத் துடிக்கின்றனர். மாலி போல்வார் விதிவிலக்கு. விதியை வைத்தே நாம் குடும்பம் நடத்தவேண்டும். இவ்வரங்கில் நம் சங்கம் ஒருவரிடமும் ஒரு காசும் பெறவில்லை என்பதையும், ஆண்டிற்கு ஒன்றாக இருப்பதை நான்காக்கத் தீர்மானம் வந்திருக்கின்றது என்பதையும் இங்கே நினைவூட்டுகின்றோம். வாக்களிக்கும்போது அத்தந்தையாரை எண்ணுங்கள்.

சில திங்களுக்குப் பின் அப்பிள்ளை எம் வீட்டிற்கு வந்து அப்பாட்டை மறுபடியும் பாடினான். கேட்டவர் யாமும் எம் மனையாளும் மட்டுமே. அவ்வடியை வினாவாகவே பாடினான். வேகம் பாதியாயிற்று. இரண்டிடங்களில் தாளம் தவறினான். தவறியது கண்டு நகைத்து மீண்டும் எடுத்தான். கை தட்ட எமக்குத் தோன்றவில்லை. எம் மனையாள் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டாள்.

இன்று நான்காவதாகப் பாடவிருப்பவன் அவனே. எவ்வேகத்தில் பாடுவான் என்று யாம் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் தம்பூராவின் ஒலி கேட்கின்றது. மிருதங்கமும் சுருதி சேர்ந்துவிட்டது. இனி யாம் பேசுதல் முறையன்று.