கேப்டன் லட்சுமி என்ற தாய்



97 வயதுவரை வாழ்ந்த ஒரு தாயை இன்று நினைக்கிறோம். கேப்டன் லட்சுமி 1914ல் சென்னையில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாகக் கேரளத்தில் பாட்டி வீட்டுக்குப் போனபோது, தீட்டு என்று ஒதுக்கிய பழங்குடிப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து விளையாட அழைத்தார். பாட்டி சீறினார், பேத்தி பணியவில்லை.

டாக்டராகிச் சிங்கப்பூர் சென்றவர், 1943ல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார். அங்கே துப்பாக்கி ஏந்தியவர்கள் யார்? மலேயா ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்கள் ஏராளம்! கங்காணிக்கு அஞ்சிக் குனிந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

1947ல் மணமுடித்துக் கான்பூரில் குடியேறினார். அது ஆலைத் தொழிலாளர் நகரம். பிரிவினையில் வீடிழந்து வந்தோருக்கு வைத்தியம் பார்த்தார். ஏழைத் தாய்மாருக்குப் பிரசவம் பார்த்தார். இரண்டு பெண்களை வளர்த்தார், பேரனையும் கண்டார். 1984ல் சீக்கியர்மீது வெறிக் கும்பல் பாய்ந்தபோது, எழுபது வயதில் தெருவிலிறங்கித் தடுத்தார். தொண்ணூறைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 23ல் மறைந்தார். உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே தந்தார்.

கேப்டனின் பெயர் நமக்குத் தெரியும். அவர் பின்னால் அணிவகுத்த தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்?

தோழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாள். எத்தனை வயலில் நட்டாள், எந்த ஆலையில் நூல் சுற்றினாள், எந்தப் போராட்டத்தில் நின்றாள்? அவள் இருக்கும்போதே கேளுங்கள். பேரப்பிள்ளைகளிடம் அவள் பெயரோடு சொல்லுங்கள்!