குளிர் தாங்கும் குணம் விதைக்குள்ளே



விருத்தாசலத்துக்காரங்களுக்குப் பீங்கான் சூளை புதுசல்ல. உள்ளே சூடு ஒன்றுதான். மண் கலவை சரியில்லாத பொம்மை வெடித்துப் போகும். சரியான கலவை நிற்கும். குளிரிலே நெல்லும் அப்படித்தான். ஒரே பனி, பக்கத்துப் பக்கத்து வயல். ஒரு ரகம் மணி பிடிக்கும், இன்னொன்று சாவியாகும். காரணம் விதைக்குள் இருக்கும் மரபணுக்கள்.

கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், தண்டுக்குள்ளே மகரந்தம் உருவாகிறது. அப்போது தொடர்ந்து குளிர் அடித்தால் மகரந்தம் பழுதாகி, பூ பதராகும். குளிர் தாங்காத ரகத்துக்கு 17 முதல் 19 டிகிரியிலேயே ஆபத்து. நன்றாகத் தாங்கும் ரகம் 15 முதல் 17 டிகிரி வரை நிற்கும். ஜப்பானில் 1993-ல் கோடை குளிர்ந்துபோய், நெல் விளைச்சல் வழக்கத்தில் முக்கால் பங்காகக் குறைந்தது. வெளிநாட்டு அரிசி வாங்க வேண்டி வந்தது.

2015-ல் சீன விஞ்ஞானிகள் 'கோல்டு 1' என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். குளிர் பட்டதும் செல்லுக்குள் சுண்ணாம்புச் சத்து பாய வழி திறந்து, பயிரை உஷார்படுத்துவது இதன் வேலை. குளிர்நாட்டு ஜப்பானிகா நெல்லுக்கும் நம்ம இண்டிகா நெல்லுக்கும் இந்த மரபணுவில் ஓர் எழுத்துதான் முக்கிய வித்தியாசம்!

ஆனால் ஒரு மரபணுவோடு விஷயம் முடியவில்லை. நாற்றைக் காப்பது ஒன்று, கதிரைக் காப்பது வேறொன்று. கதிரைக் காக்கும் குணத்தை இந்தோனேசியாவின் 'சிலேவா' நெல்லிலிருந்து ஜப்பானியர் எடுத்துச் சேர்த்தார்கள். ஆகவே, நாற்று பச்சையாக நிற்குதே என்று கதிரை நம்பிவிடாதீர்கள்.

'அந்த விதையையே கொண்டு வரலாமே' என்பீர்கள். குளிர்நாட்டு ரகம் நம்ம வெயிலில் அவசரமாகப் பூத்து, விளைச்சல் குறையும். அதனால் நாள் கணக்குதான் நமக்குக் கை கொடுக்கும். ரகத்தின் வயதில் 30 நாளைக் கழித்தால் பூக்கும் நாள். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ஆபத்துக் காலம். புரட்டாசி முதல் தேதி 155 நாள் ரகம் விதைத்தால், ஆபத்துக் காலம் மார்கழிக் கடைசியில், கடுங்குளிரில் வந்து நிற்கும். 135 நாள் ரகமானால் மார்கழித் தொடக்கத்திலேயே தாண்டிவிடும். ஏரி நிரம்பத் தாமதமானால் வயது குறைந்த ரகத்துக்கு மாறிவிடுங்கள்.

தப்ப முடியாமல் போனால், அந்த நாட்களில் வயலில் தண்ணீரை வற்ற விடாதீர்கள். இளங்கதிர் தண்டின் அடியில்தான் இருக்கும். பகலில் வாங்கிய சூட்டைத் தண்ணீர் இரவில் அதற்குக் கொடுக்கும். யூரியாவை அளவுக்கு மேல் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் சாவியும் மிஞ்சும்.

இன்னொன்று. வெள்ளைக் கதிரை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பான் வேலை. குளிர் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.