முதுமைக்கு ஏற்ற வீடு



அலுவலை நாடித் தமிழகத்தினின்றும் வெளி மாநிலங்களுக்கு வந்த நம்மவர் பலருக்கு, இளமையில் சொந்த வீடு என்பது எட்டாக்கனியாகவே இருந்தது. டில்லியின் கரோல்பாக்கிலும் மும்பையின் மாதுங்காவிலும் ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள், சீட்டுக் கட்டியும் நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் ஒரு வீட்டை வாங்கினார்கள். அவ்வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆண்டுதோறும் கொலுப்படி ஏறியது. இன்றோ பிள்ளைகள் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட்டார்கள். மூன்றாம் மாடியில் நான்கு அறைகளும், படியேற மூச்சு வாங்கும் இரு முதியவர்களுமே எஞ்சியிருக்கின்றனர். பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டிற்கு மாறுவதா என்னும் கேள்வி அப்போது எழுகிறது. இதனைச் சற்று ஆராய்வோம்.

முதற்கண் எண்ண வேண்டியது, எங்கே வாழப் போகிறோம் என்பது. நாம் நன்கறிந்த ஒரு தம்பதியர், ஓய்வு பெற்ற ஆண்டிலேயே டில்லி வீட்டை விற்றுச் சொந்த ஊரில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினர். அவர்கள் நினைவிலிருந்த ஊர் வேறு. சென்று கண்ட ஊர் வேறு. உடன் படித்தோர் சிலர் காலமாகியிருந்தனர். சிலர் தம் மக்களோடு சென்றுவிட்டனர். இருதய மருத்துவரைக் காண 2 மணி நேரப் பயணம் தேவைப்பட்டது. ஒன்றரை ஆண்டில் டில்லிக்கே திரும்பினார்கள். விற்ற விலைக்கு அதே பகுதியில் வீடு கிடைக்குமா? இன்று அவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

ஊர் திரும்புதல் தவறு என்பது நம் கருத்தன்று. மனநிறைவோடு திரும்பியவர்களும் உளர். ஆயினும் இருக்கும் வீட்டை விற்காமல், செல்ல விரும்பும் ஊரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நன்று. கோடையும் மழையும் ஒரு முறையேனும் கழியட்டும். ஓராண்டு வாடகை வீண் செலவு அன்று; பெரிய பிழையினின்றும் நம்மைக் காப்பதற்கு நாம் தரும் சிறிய விலையே அது.

அடுத்து, எத்தகைய வீடு? தரைத்தளமாக இருத்தல் நலம். அன்றேல் லிப்ட் இருத்தல் வேண்டும். மின்சாரம் தடைப்படும்போது அந்த லிப்ட் இயங்குமா என்றும் கேட்டறிய வேண்டும். சக்கர நாற்காலி நுழையுமளவிற்குக் குளியலறைக் கதவு அகலமா என்று அளந்து பாருங்கள். மருந்துக்கடையும் காய்கறிக்கடையும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளனவா என்று, காரில் ஏறிப் பாராமல், நடந்தே பாருங்கள்.

மூன்றாவது, பத்திரம். தமிழகத்தில் வாங்குவோர் தாய்ப்பத்திரத்தையும், 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுதல் வேண்டும். டில்லியில் நெடுங்காலமாகப் பவர் பத்திரத்தின் பேரிலேயே வீடுகள் கைமாறி வந்தன. பவர் பத்திரமும் விற்பனை உடன்படிக்கையும் உயிலும் சேர்ந்தாலும் உரிமை மாறாது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. விலை மலிவு என்பதற்காக இதனை மறந்துவிடலாகாது.

புதுக் கட்டடத்தில் வாங்குவோர்க்கு, ரெரா என்று வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டப்படும் திட்டங்கள் பதிவு பெற வேண்டும். பதிவு செய்த உடன்படிக்கையின்றி, விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் பெறலாகாது. சுவருக்குள் நாம் புழங்கும் பரப்பு எத்தனை சதுர அடி என்பதைக் கேட்டு, அதைக் கொண்டே விலையை ஒப்பிடுங்கள். எனினும், கட்டி முடியாத வீட்டிற்காகக் காத்திருப்பது இளைஞர்க்கு இயலும். எழுபதை நெருங்குவோர் குடிபுகத்தக்க வீட்டையே நாடுதல் நன்று.

நான்காவது, பணம். விற்ற தொகை முழுவதையும் மறு வீட்டில் போடாவிடில் வரி வரும் என்று தரகர் சிலர் அச்சுறுத்துவர். இது சரியன்று. 2 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால், கணக்கிற்குரியது விற்பனைத் தொகையன்று. அதில் கிடைத்த ஆதாயமே. ஒரு வீடு 1 கோடி ரூபாய்க்கு விற்று, சட்டப்படியான ஆதாயம் 60 லட்சம் என்று கொள்வோம். 60 லட்சத்திற்கு மறு வீடு வாங்கினால் ஆதாயவரி இல்லை. எஞ்சிய 40 லட்சம் முதுமைக்குத் துணையாகக் கையில் நிற்கும். 45 லட்சத்திற்கு வாங்கினால் மீதி 15 லட்சத்திற்கே வரி. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற 2 ஆண்டுகளுக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதாயின் 3 ஆண்டுகள் உண்டு. வாங்கிய வீட்டை 3 ஆண்டுகளுக்குள் விற்றால் இச்சலுகையை இழக்க நேரும். பத்திரம் எழுதுமுன் கணக்காயர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று, இதுவே தலையாயது. புதிய வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருப்பின் மிக நன்று. பிள்ளைகள் மீதுள்ள அன்பினால் உயிரோடிருக்கும்போதே தானப் பத்திரம் எழுதிவிட்டுப் பின் வருந்துவோரைக் காண்கிறோம். பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் தீர்ப்பாயத்தின் வாயிலாக மீட்பதற்கு, 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் பெற்ற மகனுக்கு எதிராக மனுக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆதலின் உயில் எழுதி வையுங்கள். உயிலை வாழ்நாளில் எப்போதும் மாற்றலாம். தானப் பத்திரத்தை நினைத்தபோது மாற்ற இயலாது. இது பிள்ளைகளை நம்பாமை ஆகாது. தம் வீட்டில் தாம் இருக்கும் பெற்றோரைக் காண வரும் பிள்ளைகளின் அன்பும் அதனால் குறைவதில்லை.

வீட்டின் அளவு சிறுத்தால் வாழ்வு சிறுத்துவிடாது. கூடத்தில் நால்வர் அமர இடமும், சாளரத்தின் வழியே வெயிலும், அண்டை வீட்டில் ஒரு குரலும், பெட்டியில் நம் பெயரிட்ட பத்திரமும் இருக்குமாயின், முதுமைக்கு அவ்வீடு போதும்.