புகையடுப்பு எவ்வளவு பெரிசா இருக்கணும்?

(கடலோர ஊர் உறுப்பினர்களுக்கான தொழில் பயிற்சி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ரெண்டு குழு ஒரே கேள்வியைக் கேட்டிருந்தது. "மாசிக்கும் புகை மீனுக்கும் இப்ப டிரம் அடுப்புதான் வெச்சிருக்கோம். ஒரு தடவைக்கு இருபது கிலோ வைக்கவே திணறுது. கடன் வரப்போகுது, பெரிய அடுப்பா ஒண்ணு போட்டுரலாமா?" நல்ல கேள்வி. போடலாம். ஆனால் எவ்வளவு பெரிசு, எந்த மாதிரி என்று பேசாமல் கையெழுத்துப் போடாதீங்க.

இந்தக் கேள்வியை நமக்கு முன்னாலேயே கேட்ட பெண்கள் ஆப்பிரிக்காவில் இருக்காங்க. கானா நாட்டின் தலைநகர் அக்ரா. அதையொட்டிக் கடற்கரையில் சோர்கோர் என்று ஒரு மீனவர் பகுதி. அங்கே ஆண்கள் பிடித்து வருவார்கள், பெண்கள் புகை போட்டு விற்பார்கள். முன்பு வட்ட மண் அடுப்பும் பழைய எண்ணெய் டிரம்மும்தான். ஒரு தடவைக்குக் கொஞ்சம் மீன்தான் வைக்க முடியும். ஒவ்வொரு மீனையும் கையால் புரட்டணும். விரல் சுடும், கண் எரியும், விறகும் ஏகத்துக்குப் போகும். 1970 வாக்கில் அந்நாட்டு உணவு ஆராய்ச்சி நிலையமும், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும், அந்த ஊர்ப் பெண்களும் சேர்ந்து ஒரு புது அடுப்பை உருவாக்கினார்கள். ஊர்ப் பெயரே அடுப்புக்கும் ஆகிவிட்டது: சோர்கோர் அடுப்பு.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மண்ணாலோ செங்கல்லாலோ ஒரு நீளச் சதுரப் பெட்டி. அகலத்தைப் போல ரெண்டு மடங்கு நீளம். நடுவில் ஒரு தடுப்புச் சுவர். முன்பக்கம் விறகு வைக்க ரெண்டு வாய். மேலே மரச்சட்டம் அடித்து வலை போட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஒரு தட்டில் 10 முதல் 20 கிலோ வரை மீன் வைக்கலாம். 15 தட்டு வரை அடுக்கலாம். அடுக்கின தட்டுகளே புகைக்கூண்டு மாதிரி வேலை செய்யும். மீனைத் தனித்தனியாகத் தொட வேண்டாம், தட்டையே மேலே கீழே மாற்றினால் போதும்.

நடுச்சுவரைக் கவனிச்சீங்களா? எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது அதுதான். மீன் குறைந்த நாளில் ஒரு பக்கம் மட்டும் மூட்டலாம். அதாவது, பெரிசாகவும் சிறிசாகவும் இருக்கத் தெரிந்த அடுப்பு. கடையில் விற்கிற பளபளப்பான இரும்புப் பெட்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. பத்து கிலோ மீனுக்கும் முழுப் பெட்டியையும் சூடாக்கணும். அதோடு நம்ம உப்புக்காற்றில் தகரம் எத்தனை மழைக்குத் தாங்கும் என்று உங்க வீட்டுக் கூரையைப் பார்த்தாலே தெரியும்.

இப்ப கணக்குக்கு வருவோம். பெரும்பாலும் நாம் பாடு அதிகமாக வந்த நாளை நினைத்துத்தான் அடுப்பு வாங்குகிறோம். அன்னைக்கு 200 கிலோ சூரை வந்தது, பாதியைச் சும்மா விலைக்குத் தள்ளினோம் என்று மனசில் நிற்கும். மற்ற இருபது நாள் 50, 60 கிலோதான் வந்தது மறந்துபோகும். அதனால் மூணு மாசம் நோட்டில் எழுதுங்க. ஏலத்தில் எத்தனை கிலோ எடுத்தோம், எத்தனை கிலோ புகைக்குப் போச்சு, காய்ந்த பிறகு எத்தனை கிலோ நின்றது. பச்சை மீனில் எடைக்கு முக்கால் பங்கு போல தண்ணீர்தான். அதனால் காய்ந்த எடையை வைத்துத்தான் வரவு போடணும். பச்சை எடையை வைத்து வரவு போட்டால் தவணைக்கு அழ வேண்டியதுதான்.

அந்த நோட்டில் வழக்கமாக 60 கிலோ வருகிறது என்றால், தட்டுக்கு 15 கிலோ வீதம் நாலு தட்டு. அதிகம் வருகிற நாளுக்கு இன்னும் நாலைந்து தட்டு செய்து வெச்சுக்கலாம். அடித்தளம் ஒன்றேதான். அடுப்பைப் பெரிசு பண்ணுவதை விடத் தட்டைக் கூட்டுவது சுலபம். முதல் வருசம் ஆறு தட்டு, வியாபாரம் பிடித்தால் அடுத்த வருசம் பத்து.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனை மட்டும் நம்பி அடுப்பு எரியுமா? எரியாது என்றால், மீன் வருகிற மாசத்திலேயே அந்த ரெண்டு மாசத் தவணையையும் ஒதுக்கி வைக்கணும். தடைக்காலம் மீனுக்குத்தான், வங்கிக்கு இல்லை.

இன்னும் ஒரு விசயம். யாரும் இதைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. பெரிய அடுப்பு வந்தால் மீன் அதிகம் வாங்குவோம். அதிகம் வாங்கினால், அறுத்துக் கழுவி அடுப்பேறும் வரைக்கும் மீன் காத்துக் கிடக்கும். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன் வெயிலில் காத்துக் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்று ஒரு பொருள் உண்டாகும். சாப்பிட்டவங்களுக்கு முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், வாந்தியும் வரலாம். இதில் கொடுமை என்னவென்றால், ஒரு தடவை உண்டாகிவிட்டால் வேக வைத்தாலும் போகாது, புகை போட்டாலும் போகாது. மீன் பார்க்கவும் நல்லா இருக்கும், வாசனையும் கெட்டிருக்காது. புகை எல்லாத்தையும் சரி பண்ணிடும் என்று நினைக்கிற பழக்கம் நம்மகிட்ட உண்டு. அதை விட்டுடணும்.

ஆகவே கடன் மனுவில் அடுப்போடு சேர்த்து ஐஸ் பெட்டியையும் எழுதுங்க. நம்ம ஊர்ச் சூட்டுக்கு மீன் ஒரு பங்கு, ஐஸ் ஒரு பங்கு. பணம் பத்தவில்லை என்றால் ரெண்டு தட்டைக் குறையுங்க, ஐஸ் பெட்டியைக் குறைக்காதீங்க.

அடுத்தது நம்ம மார்பு. விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்று புதுசாச் சொல்ல வேண்டியதில்லை, இருமுகிற அத்தைமாரைத் தினமும் பார்க்கிறோம். மீனுக்கும் அதே புகைதான். மீன் எண்ணெய் நெருப்பில் சொட்டி எரியும்போது வரும் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் கூடுதலாக இருக்கும், அது மீன் மேலேயே படியும். பென்சோபைரீன் அதில் ஒன்று. புகை போட்ட மீனில் அது கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 2014 செப்டம்பரிலிருந்து கண்டிப்பாக்கினார்கள். சோர்கோர் அடுப்பிலும் இந்தக் குறை உண்டு. அதனால்தான் 2008-ல் செனகல் நாட்டில் தியாரோய் பயிற்சி மையமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அந்த அடுப்பைத் திருத்தினார்கள். முதலில் கங்கில் மீனை வேக வைத்து, சொட்டுகிற எண்ணெயை ஒரு சாய்தட்டில் பிடித்து வெளியே விட்டுவிடுவார்கள். புகையைக் கடைசியில் தனியாக அனுப்புவார்கள். நாம் புதுசாகக் கட்டப்போகிறோம் என்பதால் அந்த எண்ணெய்த் தட்டை இப்பவே சேர்த்துக் கட்டிடலாம்.

கொத்தனாரிடமும் தச்சரிடமும் வேலை சொல்லும்போது ஒரே அளவுகோலை ரெண்டு பேருக்கும் கொடுங்க. தட்டின் மரச்சட்டம் சுவரின் விளிம்பு மேல் சரியாக உட்காரணும். உள்பக்கம் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும் சட்டம் கருகும், வெளிப்பக்கம் போனால் புகை ஒழுகும். எல்லாத் தட்டும் ஒரே அளவாக இருந்தால்தான் மாற்றி அடுக்க முடியும். வலை எவர்சில்வரில் கிடைத்தால் வாங்குங்க, விலை கூடத்தான், ஆனால் துருப் பிடிக்காது. டீசலோ மருந்தோ இருந்த டிரம்மை எந்தக் காரணத்துக்கும் தொடாதீங்க.

விறகுக்குக் காய்ந்த சீமைக்கருவேல் கட்டை, கடைசிப் புகைக்குத் தேங்காய் மட்டை. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் கூடவே கூடாது. அடுப்பை ஓலைக் கொட்டகைக்குள் கட்டாமல், வீட்டுக்குக் காற்று அடிக்காத பக்கமாக உயரமான ஓட்டுக் கூரைக்குக் கீழே கட்டுங்க. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கும் இடம் சுத்தமாக இருக்கணும்.

ஒரு குழுவுக்கு ஒரு அடுப்பு என்று கட்டாயம் இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ரெண்டு குழு சேர்ந்து ஒரு அடித்தளம் கட்டலாம், அவங்கவங்க தட்டு அவங்கவங்களுக்கு. தட்டின் ஓரத்தில் குழுப் பெயரை எழுதிடுங்க. பிறகு சண்டை வராது, வந்தாலும் சீக்கிரம் தீரும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் மீன் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுவாங்க. கிலோ, விறகுச் செலவு, ஐஸ் செலவு, காய்ந்த எடை என்று நாலு கட்டம் போட்டிருந்தால் போதும். மூணு மாசக் கணக்கு முடிந்ததும் அதை வைத்துத்தான் எத்தனை தட்டு என்று முடிவு பண்ணப் போகிறோம்.