லயத்துக் குழாயும் சொந்த மீட்டரும்

(வட சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைநகரம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து போகிறது? பெரும்பகுதி நம் பக்கத்திலிருந்துதான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துவந்த பெஸ்தாரி ஜெயாவிலும், புக்கிட் படோங்கிலும் சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் நிற்கின்றன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்ததால் அவை மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. நகரத்தார் வாளியுடன் லாரிக்குக் காத்து நின்றார்கள், பத்திரிகைகள் அலறின. அலறியது நியாயந்தான். ஆனால் லயத்துப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாளியோடு நின்றபோது அது யாருக்கும் செய்தியாகவில்லையே!

அன்றைய ஏற்பாட்டை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பல வீடுகளுக்கு ஒரே குழாய். விடியுமுன் பிரட்டுக்குப் போனவள் பால் எடுத்துத் திரும்பும்போது குழாய் வறண்டிருக்கும். குவாலா சிலாங்கூர் கடலோரத் தோட்டங்களில் சங்கடம் இன்னும் அதிகம். அது தாழ்ந்த மண். சில அடி தோண்டினாலே நீர் ஊறும். உள்ளே சதுப்பு நிலத்திலோ தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருக்கும். இப்படிப்பட்ட மண்ணில் கிணற்றுக்கு அருகில் கக்கூஸ் குழி வெட்டினால், மண்ணுக்கடியில் இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் “சுத்தமில்லாத ஜனங்கள்” என்று பழி நம்மீது விழுந்தது. குழியை எங்கே வெட்டுவதென்று தீர்மானித்தவர்கள் நாமா?

பிறகு சட்டம் வந்தது. 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம். அதற்குப் பதிலாக 1990-இல் மற்றொன்று. பொதுக் குழாயிலிருந்து போதிய தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. நல்ல சட்டம், குறை சொல்லமாட்டோம். ஆனால் அது தொழிலாளிக்கான சட்டம் என்பதைக் கவனியுங்கள். தோட்டம் கைமாறி, ரப்பர் மரம் சாய்ந்து, வேலையும் போனபின் அதே லயத்தில் குடியிருப்பவர் யார்? முதலாளி “என் ஆள் இல்லை” என்பார். நகராண்மைக் கழகம் “தனியார் நிலம்” என்னும். குப்பை லாரி வாசலோடு திரும்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 2008-இல் மாநில அரசு மாதம் 20 கன மீட்டர் தண்ணீரை இலவசமாக்கியது. பின்னாளில் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று சுருங்கியது. சலுகை தண்ணீர்க் கணக்கைப் பார்த்து வருவது. தோட்டத்தின் பேரில் ஒரே பெரிய மீட்டர் ஓடினால், லயத்து ஏழைக்குக் கணக்கு ஏது? தோட்டம் பில் கட்டாமல் விட்டால் தாகம் மட்டும் நமக்கு!

ஆகவேதான் நைஜல் கார்ட்னர், மேரி, புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டத்து மக்கள் சொந்த வீடு கேட்டு நெடுங்காலம் போராடியதை வெறும் கூரைக்கான போராட்டமாக நாம் எண்ணவில்லை. சொந்த வீடென்றால் சொந்த மீட்டர்.

எந்தத் தோட்டத்திலும் மாற்று வீடு தருகிறோம் என்று தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: மீட்டர் யார் பேரில்? மலத்தொட்டி நிரம்பினால் அள்ளுவது யார்? கழிவுநீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி லயத்தைக் காலி செய்யவேண்டாம்.