அரசாங்கச் சிப்பந்திகளும் ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியும்

அடக்க விலை தெரியாமல் சரக்கை விற்கும் வியாபாரி உண்டா? கொள்முதல், கூலி, வண்டிச் சத்தம், எடைக் குறைவு யாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே கடைக்காரர் விலை வைக்கிறார். இன்ஷூரன்ஸ் தொழிலில் மட்டும் இம்முறை தலைகீழாக நடைபெறுகிறது. பிரீமியத்தை முன்னதாகவே வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாகத் தாங்கள் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பது சில மாதங்கள் கழித்தோ, விவகாரம் நீதிமன்றம் ஏறினால் சில வருஷங்கள் கழித்தோதான் தெரியவருகிறது. ஆயுள் இன்ஷூரன்ஸுக்காவது மரண விகித அட்டவணை துணை நிற்கும். வீடு தீப்பற்றுவது, கார் மோதுவது, மோதிய கார் வழியில் சென்றவருக்கு ஊறு விளைப்பது ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் பொது இன்ஷூரன்ஸுக்கு அத்துணை உறுதியான துணை கிடையாது.

இத்தொழிலின் சூட்சுமத்தை ஓர் அமெரிக்கக் கம்பெனியின் வரலாற்றைக் கொண்டு விளக்கலாம் எனக் கருதுகிறோம். 'கவர்ன்மெண்ட் எம்ப்ளாயீஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனி' என்பது அதன் பெயர். சுருக்கமாகக் 'கைகோ' என்பார்கள். ஊர் விட்டு ஊர் வந்து சர்க்கார் அலுவலகங்களில் காலங்கழிக்கும் நம்மில் பலருக்கு அப்பெயரே ஒரு நெருக்கத்தை உண்டாக்கும். ஆனால் அது சர்க்கார் நடத்திய கம்பெனியன்று. சர்க்கார் சிப்பந்திகளை நம்பி ஒரு தனி மனிதர் தொடங்கியது.

அவர் லியோ குட்வின். இராணுவ அதிகாரிகளுக்கென்றே சான் அன்டோனியோ நகரில் நடைபெற்ற ஓர் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளக்காரர்களான மத்திய சர்க்கார் ஊழியர்கள் நிதானமாகக் கார் ஓட்டுகிறார்கள், விபத்துக்களும் குறைவு என்பது அவர் கண்ட முதல் உண்மை. ஏஜெண்டுகளுக்குப் போகும் கமிஷனை ஒழித்து, தபால் மூலமாகவே பாலிசி விற்றால் பிரீமியத்தை நன்றாகக் குறைக்கலாம் என்பது இரண்டாவது. 1936-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் ஒரு லட்சம் டாலர் மூலதனத்துடன் கம்பெனி பிறந்தது. அதில் 25,000 டாலர் குட்வினுடையது. எஞ்சியது ஒரு பாங்கர் கொடுத்தது. குட்வினும் அவர் மனைவி லில்லியனும் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தார்கள். இருவருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 250 டாலர். மறு ஆண்டே கம்பெனியை வாஷிங்டனுக்கு மாற்றினார்கள். சர்க்கார் சிப்பந்திகள் நிறைந்த ஊர் அதுவல்லவா!

1941-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கடுமையான ஆலங்கட்டி மழை பெய்து ஏராளமான கார்களின் கண்ணாடிகள் நொறுங்கின. குட்வின், கோரிக்கை மனுக்கள் வரட்டும் என்று காத்திராமல், பழுது பார்க்கும் பட்டறைகளுடன் பேசித் தம் பாலிசிதாரர்களின் வண்டிகளை இரவு பகலாகச் செப்பனிட ஏற்பாடு செய்தார். லாரி லாரியாகக் கண்ணாடி வரவழைத்தார். மற்றக் கம்பெனிகளின் வாடிக்கைக்காரர்கள் காத்துக் கிடந்தபோது, அவருடைய வாடிக்கைக்காரர்கள் காரோட்டிக்கொண்டு சென்றார்கள். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி விற்பது ஒரு வாக்கைத்தான். அது காப்பாற்றப்படும் நாளில்தான் வாங்கியவருக்கு அதன் மதிப்புத் தெரியும்.

பிரீமியம் வந்த நாளுக்கும் நஷ்டஈடு கொடுக்கும் நாளுக்கும் இடையே பெருந்தொகை கம்பெனியின் கையில் தங்கி நிற்கிறது. பிறர் பணமேயாயினும் அதை முதலீடு செய்து வரும் வருமானம் கம்பெனியைச் சேரும். இதை இளம் வயதிலேயே உணர்ந்தவர் வாரன் பஃபெட். 1951 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, இருபது வயது மாணவராக அவர் வாஷிங்டனுக்கு ரயிலேறிச் சென்று, பூட்டிக் கிடந்த அலுவலகத்தின் கதவைத் தட்டினார். காவலாளி உள்ளே விட்டார். அங்கிருந்த லோரிமர் டேவிட்சன் என்ற அதிகாரி, முன்பின் அறியாத அந்த இளைஞருக்குச் சுமார் நான்கு மணி நேரம் தொழிலை விளக்கினார். டேவிட்சன் பின்னாளில் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார்.

இவ்வளவு சீராக நடந்த கம்பெனி 1970-களில் முழுகும் நிலைக்கு வந்தது. வளர வேண்டும் என்ற ஆசையில், யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற பழைய நிதானம் தளர்ந்தது. அதே காலத்தில் பணவீக்கத்தால் கார் உதிரிப் பாகங்களின் விலையும் ஆஸ்பத்திரிச் செலவும் ஏறின. இவற்றையும்விட ஆபத்தானது வேறொன்று. நடந்துவிட்ட, ஆனால் இன்னும் தீராத விபத்துக்களுக்காக ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தொகையை மதிப்பிட்டு ஒதுக்கிவைக்க வேண்டும். அந்த மதிப்பீட்டைக் குறைத்துப் போட்டால் இவ்வருஷக் கணக்கில் லாபம் தோன்றும். அடுத்த வருஷம் பிரீமியத்தையும் அந்தப் பொய்க் கணக்கின் மேலேயே நிர்ணயிப்பார்கள். கைகோவில் நேர்ந்தது இதுதான். 1975-ஆம் ஆண்டு நஷ்டம் 12 கோடி டாலருக்கு மேல். 1972-இல் 60 டாலருக்கு விற்ற பங்கு 1976-இல் 2 டாலர் அளவுக்கு இறங்கியது. பங்கு வாங்கியவர்களின் நஷ்டம் ஒருபுறமிருக்க, அக்கம்பெனியின் பாலிசி வைத்திருந்தவரின் காரில் அடிபட்டு, நஷ்டஈட்டுக்காகக் காத்திருந்தவர்களின் கதி என்ன ஆவது?

1976-இல் ஜான் பைர்ன் தலைமைப் பொறுப்பேற்றார். பிரீமியத்தை உயர்த்தினார், அலுவலகங்களை மூடினார், பலர் வேலையிழந்தனர். போட்டிக் கம்பெனிகள் 27 சேர்ந்து அதன் வியாபாரத்தில் கால் பகுதியின் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டன. பரந்த மனப்பான்மையினால் அல்ல. ஒரு பெரிய கம்பெனி விழுந்தால் அதன் பளு தங்கள் தலையிலும் விடியும் என்ற அச்சத்தினால் என்றே நமக்குத் தோன்றுகிறது. பிரீமிய உயர்வுக்கு இணங்காத நியூ ஜெர்ஸி மாநிலத்தின் உரிமத்தையே பைர்ன் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கிருந்த பாலிசிதாரர்கள் வேறு கம்பெனியைத் தேட நேர்ந்தது. கைகோ அம்மாநிலத்துக்குத் திரும்பியது 2004-இல்தான். முதலீட்டாளராகிவிட்ட பஃபெட், 1976-இல் அதன் பங்குகளை வாங்கலானார். 1996-இல் அவருடைய பெர்க்ஷயர் ஹாத்வே, எஞ்சியிருந்த பாதியை 230 கோடி டாலருக்கு வாங்கிக் கம்பெனியை முழுவதும் தனதாக்கிக்கொண்டது.

இன்று யாரும் அதில் பாலிசி எடுக்கலாம். கைகோ என்ற பெயர் ஆங்கிலத்தில் பல்லியைக் குறிக்கும் சொல்லோடு ஒத்து ஒலிப்பதால், 1999 முதல் அதன் விளம்பரங்களில் ஒரு பல்லி பேசி வருகிறது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

நம் நாட்டில், சாலையில் பிறருக்கு விளையும் ஊறுக்கான கட்டாய இன்ஷூரன்ஸின் அடிப்படைப் பிரீமியத்தை மத்திய அரசாங்கமே அறிவிக்கிறது. ஓட்டுபவர் குமாஸ்தாவா கூலிக்காரரா என்று அது பார்ப்பதில்லை. அமெரிக்காவிலோ, குட்வின் பின்பற்றிய தொழில்வாரிப் பாகுபாடு வழக்கமாகிவிட்டது. மேஜை உத்தியோகஸ்தருக்குக் கிடைத்த சலுகை, அதே கவனத்தோடு ஓட்டும் கைத்தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. சலுகை பெறும் வகுப்பைச் சேர்ந்தவர்களாகிய நமக்கே இது முறையாகப் படவில்லை. 2017-இல் நியூயார்க் மாநிலம் இதற்கு ஒரு விதி செய்தது. அதன்படி, ஒருவருடைய கல்வியையோ உத்தியோகத்தையோ வைத்துக் கார் பிரீமியத்தை நிர்ணயிக்க விரும்பும் கம்பெனி, அப்பாகுபாடு நியாயமற்றதன்று என்பதை அதிகாரிகளிடம் மெய்ப்பித்தாக வேண்டும்.